கடற்கரையிலிருந்து கல்வராயன் அடிவாரம் வரை: தென்னாற்காடு ஜில்லா போர்டின் கதை

(கள்ளக்குறிச்சியில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



"கள்ளக்குறிச்சியில் வந்து கடற்கரைக் கதை பேசுகிறீர்களே, இங்கே கடல் எங்கே இருக்கிறது?" என்று மேடை ஏறும்போதே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். இந்த மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனால் 2019 நவம்பர் 26-ம் தேதி வரை, நீங்கள் இருந்த மாவட்டத்துக்குக் கடற்கரை இருந்தது. 1993-ல் தென்னாற்காட்டைப் பிரித்தபோது கடலூர் அந்தப் பக்கம் போனது. ஆனால் விழுப்புரம் மாவட்டத்தோடு மரக்காணம் வந்தது. உப்பளமும் மீன்பிடி ஊர்களும் வந்தன. ஆகக் கள்ளக்குறிச்சிக்காரருக்குக் கடல் கைவிட்டுப் போய் இன்னும் பத்தாண்டுகூட முழுசாக ஆகவில்லை.

1993-க்கு முன் ஏறத்தாழ இருநூறு ஆண்டு, இந்த ஊரின் சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை, சத்திரம் எல்லாவற்றுக்கும் தலைமை கடற்கரையில்தான் இருந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில். அதில் ஒரு காலம் அந்தத் தலைமைக்குத் தென்னாற்காடு ஜில்லா போர்டு என்று பெயர். இன்று அது இல்லை. அதன் மேசையும் நாற்காலியும் போய்விட்டன. அது போட்ட சாலையில்தான் நீங்கள் இன்று காலை வந்திருப்பீர்கள்.

இந்தக் கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும். 1690-ம் ஆண்டு. செஞ்சிக் கோட்டையில் மராட்டியர். சிவாஜியின் மகன் ராஜாராம் அங்கே இருக்கிறார். முகலாயப் படை முற்றுகை போட்டிருக்கிறது, பணத்துக்கு முட்டுப்பாடு. கடலோரம் தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு விற்கிறார்கள். சென்னையில் அப்போது எலிஹு யேல் கவர்னர். கோட்டையோடு சுற்றுப்புற ஊர்களும் உண்டு என்பது பேரம். எவ்வளவு தூரம் வரை? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எங்கே போய் விழுகிறதோ அதுவரை. கும்பினிக்காரர் சும்மா விடுவாரா? தூரம் போகும் நல்ல பித்தளைப் பீரங்கியாகத் தேடி எடுத்து, கைதேர்ந்த பீரங்கிக்காரனை வைத்து, நாலா பக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் கூடலூர்ப் பட்டணமே, அதாவது இன்றைய கடலூரே, சிக்கிக்கொண்டது. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்ற பெயர் வெகுகாலம் வழங்கியது.

உலகத்தில் எத்தனையோ விதமாக ஊராட்சி எல்லை வகுத்திருக்கிறார்கள். ஆறு, மலை, கோயில் நிலம், ஜாதிக் கட்டு என்று. பீரங்கியால் அளந்த எல்லை இந்த ஒன்றுதான் எனக்குத் தெரிந்து. கடல் பக்கம் நின்றுகொண்டு உள்நாட்டைப் பார்த்து அளப்பது என்ற வழக்கம் அன்றைக்கு ஆரம்பித்தது. பின்னால் பீரங்கி போய்க் கஜானா வந்தது, கஜானாவுக்குப் பிறகு செஸ் வரி வந்தது. அளக்கிறவர் நின்ற இடம் மட்டும் மாறவில்லை.

தேவனாம்பட்டினக் கோட்டைக்குச் செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டார்கள். 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தபோது, 1752 வரை தென்னகக் கும்பினி ஆட்சிக்கு இதுவே தலைமையிடம். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து பிடித்து இடித்துப் போட்டார். சண்டைகளை நான் விரித்துச் சொல்லப் போவதில்லை. அது வேறு ஒரு மாலைக்கு. ஒன்று மட்டும்: உங்கள் தியாகதுருகம் கோட்டைக்காக அந்தச் சண்டைகளில் அவ்வளவு இரத்தம் சிந்தியதற்குக் காரணம், ஆத்தூர்க் கணவாய் வழியாக மேற்கேயிருந்து இறங்கி வருகிறவன் கடலுக்குப் போகும் வழியில் அது நின்றதுதான். மலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஊர் என்பது கள்ளக்குறிச்சிச் சீமையின் தலையெழுத்து.

1801 ஜூலை 31-ல் ஆற்காட்டு நவாபோடு செய்துகொண்ட உடன்படிக்கையால் இந்தச் சீமை முழுவதும் கும்பினி கைக்குப் போனது. தென்னாற்காடு ஜில்லா பிறந்தது. இருபதாம் நூற்றாண்டு பிறக்கும்போது அதற்கு எட்டுத் தாலுகாக்கள்: கடலூர், சிதம்பரம், விருத்தாசலம், விழுப்புரம், திண்டிவனம், திருக்கோவிலூர், திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி. இவற்றில் திருவண்ணாமலை 1911-ல் வடாற்காட்டுக்குப் போய்விட்டது. மேற்கோரத்தில் மலையை ஒட்டிக் கடைசியாக நின்றது கள்ளக்குறிச்சி.

கடலுக்கும் நமக்கும் உள்ள உறவை அரசாங்கம் கெஜட்டில் போட்டு உண்டாக்கவில்லை, தண்ணீர் உண்டாக்கியது. கெடிலம் எங்கே பிறக்கிறது? சங்கராபுரம் பக்கம் மையனூரில். திருநாவலூரைத் தொட்டு, பண்ருட்டி, திருவதிகை, திருப்பாதிரிப்புலியூர் என்று போய்க் கடலூரில் கடலில் விழுகிறது. புலவர் சுந்தர சண்முகனார் கெடிலக்கரை நாகரிகம் என்று ஒரு பெரிய நூலே எழுதினார். சுந்தரர் பிறந்த ஊரும் அப்பர் கரையேறியதாகச் சொல்லும் ஊரும் ஒரே ஆற்றின் கரையில். கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுத்தாறும் வெள்ளாற்றில் சேர்ந்து பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கின்றன. மழை பெய்வது வெள்ளிமலையில்; வெள்ளம் வருவது பரங்கிப்பேட்டையில்.

தண்ணீர் போன வழியிலேயே சரக்கும் போனது. பரங்கிப்பேட்டையில் 1830-ல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற முன்னாள் கும்பினி அதிகாரி இரும்பாலை தொடங்கினார். சேலத்து இரும்புக் கல் வெள்ளாற்றில் பரிசலில் இறங்கியது. அடுப்புக்கு நிலக்கரி இல்லை, மரக்கரிதான். காட்டை வெட்டி வெட்டி எரித்தார்கள். அந்த இரும்பு ஷெஃபீல்டுக்குக் கப்பலேறியது. வேல்ஸில் பிரிட்டானியா பாலத்துக்கும் போனது. காடு தேயத் தேயக் கரியின் விலை ஏறியது. கம்பெனி நொடித்து 1860-களில் மூடிக்கொண்டது. இதை நான் ஏன் சொல்கிறேனென்றால், கடற்கரையில் ஓர் ஆலை எழுந்தால் அதற்கான விறகு எங்கோ மலைப்பக்கம் வெட்டப்படுகிறது என்பதைக் கடற்கரைச் சரித்திரம் எழுதுகிறவர்கள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். கல்வராயன் கடுக்காய்க்கும் இதே கதைதான். தோல் பதனிடக் கடுக்காய் வேண்டும். மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் பொறுக்கி எடுத்து, மூட்டை கட்டித் தலைச்சுமையாக இறக்கினார்கள். கீழேயிருந்து அவர்களுக்குப் போனது உப்பும் கருவாடும். இரண்டும் கடல் தந்தவை.

இப்போது போர்டுக்கு வருவோம்.

நகரத்துக்குத்தான் முதலில் ஊராட்சி வந்தது. 1865-ல் நகர மேம்பாட்டுச் சட்டம். அதன்படி 1866-ல் கடலூர் முனிசிபாலிட்டி. நாட்டுப்புறத்துக்கு 1871-ல் லோக்கல் ஃபண்டு சட்டம் வந்தது. நிலத் தீர்வையில் ரூபாய்க்கு ஓரணா வரை கூடுதலாகச் செஸ் வசூலித்து, அதைச் சாலைக்கும் பள்ளிக்கும் வைத்தியத்துக்கும் செலவிடலாம். கலெக்டரே தலைவர். கிழவர்கள் சிலர் இன்னமும் 'எல்.எஃப். ரோடு', 'எல்.எஃப். ஆஸ்பத்திரி' என்பார்களே, அது இந்த லோக்கல் ஃபண்டின் மிச்சம்.

1882 மே 18-ல் வைஸ்ராய் ரிப்பன் பிரபு தல சுயாட்சித் தீர்மானம் வெளியிட்டார். ஊர்க் காரியத்தை ஊர்க்காரரே பார்க்கட்டும், தப்புச் செய்தாலும் பரவாயில்லை, பழகட்டும் என்பது அதன் கருத்து. 1884-ல் சென்னை லோக்கல் போர்டுச் சட்டம். மேலே ஜில்லா போர்டு, நடுவில் தாலுகா போர்டு, கீழே யூனியன். நில செஸ்ஸை ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் பங்கிட்டுக்கொள்ளும். தென்னாற்காடு ஜில்லா போர்டு கடலூரில் உட்கார்ந்தது.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். ரிப்பன் தீர்மானத்துக்கு இரண்டு வருஷம் முந்தியே, 1880 மார்ச் 12 ஆணைப்படி, புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் கொம்யூன்களை ஏற்படுத்தித் தேர்ந்தெடுத்த முனிசிபல் மன்றங்களையும் வைத்துவிட்டார்கள். கடலூர்க்காரர் கண்ணெதிரே, பாகூரில், விவசாயி போய் ஓட்டுப் போடுகிறான். இங்கே கலெக்டர் துரை தலைமையில் நியமன உறுப்பினர்கள் தலையாட்டுகிறார்கள். புதுச்சேரித் தேர்தல்கள் அடிதடிக்குப் பேர்போனவை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அடிதடி நடக்கிற இடத்தில் ஓட்டுக்கு மதிப்பிருக்கிறது என்று அர்த்தம். யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளாத தேர்தலில் கைப்பற்றுவதற்கு ஒன்றுமில்லை என்றுதான் நான் நினைப்பேன். இதைக் கேட்டு யாரும் உருட்டுக்கட்டையை எடுத்துவிட வேண்டாம்.

போர்டின் வருமானம் எங்கிருந்து வந்தது? நில செஸ் பெரிய பங்கு. அப்புறம் சுங்கச்சாவடி. வண்டி ஒவ்வொன்றும் நின்று காசு கொடுத்துத்தான் நகரும். 1931-ல் மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்து சாவடிகளை ஒழித்தது. அதற்கு ஈடாகப் போர்டுகளுக்கு அரசு நஷ்டஈடு கொடுத்தது. உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் கட்டணம் கட்டும்போதெல்லாம் எனக்கு அந்த 1931 ஞாபகம் வரும். அப்புறம் ஆற்றுத் துறைக் குத்தகை, சந்தைக் குத்தகை, பட்டியில் அடைத்த மாட்டுக்கு அபராதம். கடைசியாகப் புளியமரம்.

புளியமரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சாலை போட்டால் இரு பக்கமும் மரம் நடுவது போர்டின் கடமை. நட்டவை பெரும்பாலும் புளி. தாரோ சுண்ணாம்போ பூசி ஒவ்வொன்றுக்கும் எண். மாசி, பங்குனியில் காய் பழுக்கும். அதற்கு முன்னாலேயே ஏலம் நடந்துவிடும். எந்த மைல் கல்லிலிருந்து எந்த மைல் கல் வரை என்று பிரித்துக் கூறுவார்கள். முன்பணம் கட்டியவர்தான் கேட்கலாம். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். எடுத்தவன் உடனே காவலுக்கு ஆள் போடுவான். அந்த நாளிலிருந்து சாலையில் போகிற சிறுவன் ஒரு புளியம்பழத்தை எடுத்தாலும் திருட்டு. மரத்துக்கு நிழல் போகிறவர் வருகிறவருக்கு, காய் குத்தகைதாரனுக்கு, பணம் கடலூருக்கு. அந்தப் பணம் திரும்பிச் சாலைக்கு வந்ததா என்று கேட்டால், வந்தது, வராமலும் இருந்தது. எந்த உறுப்பினர் எந்தத் தாலுகாக்காரர், அவருக்குத் தலைவரோடு எப்படி என்பதைப் பொறுத்தது அது. நாலு வழிச் சாலைக்காக அந்த மரங்களை வெட்டியபோது பலருக்கு வருத்தம். எனக்கும்தான். நிழலுக்காக மட்டுமில்லை; ஊராட்சி மன்றம் ஒன்று தன் வருமானத்தைத் தானே நட்டு வளர்த்துக்கொண்ட கடைசி அடையாளம் அது.

செலவு? பள்ளிக்கூடம். இன்று அரசு மேல்நிலைப் பள்ளி என்று பலகை தொங்கும் இடங்களில் பழைய கட்டடங்கள் பல 'போர்டு ஹைஸ்கூல்' என்று தொடங்கியவை. தமிழ்நாடு முழுக்க அப்படித்தான். ஜில்லா போர்டு ஆசிரியர் என்றால் ஜில்லாவுக்குள் எங்கே வேண்டுமானாலும் மாற்றலாம். கடலோரத்து வாத்தியார் ஒருவர் மேலிடத்தோடு முறைத்துக்கொண்டால் மேற்கே தூக்கிப் போடுவார்கள். அவர்கள் பாஷையில் நம் ஊர் 'தண்ணியில்லாக் காடு'. நான் அந்தச் சொல்லுக்குக் கோபப்படுவதில்லை. முறைத்துக்கொள்ளத் தெரிந்த வாத்தியார்களாகப் பார்த்து அனுப்பினார்களே, அது இந்தச் சீமைப் பிள்ளைகளுக்குக் கிடைத்த கொடை.

வைத்தியம் இன்னொரு செலவு. தர்மாஸ்பத்திரிகள், அம்மை குத்துகிறவர்கள், காலரா வந்தால் கிணற்றுக்கு மருந்து போடுகிறவர்கள். வழிப்போக்கர் சத்திரங்கள், அதிகாரிகளுக்கு முசாபரி பங்களாக்கள். சத்திரம் விழுந்துவிடும், பங்களா நிற்கும். எல்லா ஜில்லாவிலும் இதுவே வழக்கம்.

ஆக ஒரு கேள்வி வருகிறது. கடலூரிலிருந்து கள்ளக்குறிச்சி நூறு கிலோமீட்டருக்கும் மேல். மாட்டு வண்டியில் இரவும் பகலுமாகப் பல நாள் பயணம். அங்கே கூட்டம், இங்கே குறை. இந்தத் தூரத்தால்தான் நாம் பின்தங்கினோமா? அப்படித்தான் வழக்கமாகச் சொல்கிறோம். புது மாவட்டம் கேட்டுப் போராடியபோதும் அதைத்தான் சொன்னோம். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். தூரம் ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அதை அனுபவித்தவர்கள் நாமில்லை, நமக்கு மேலே இருக்கிறவர்கள்.

கல்வராயன் மலை மூன்று ஜாகீர்தாரர் கையில் இருந்தது. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர். விஜயநகர காலத்தில், கிருஷ்ணதேவராயர் கொடுத்தது என்பது அவர்கள் சொல்லும் வழிவழிக் கதை. நவாபு போனார், கும்பினி போயிற்று, வெள்ளைக்கார ராஜாங்கம் வந்தது. கீழே தாலுகாவில் நிலத்தை அளந்து, சர்வே எண் போட்டு, பட்டா கொடுத்து, தீர்வை விதித்தார்கள். மலைமேல் அளவுச் சங்கிலி ஏறவில்லை. மலைமக்கள் கொடுக்க வேண்டியதை ஜாகீர்தாரிடம் கொடுத்தார்கள். கணக்கு அங்கேயே முடிந்தது.

இதன் பலன் என்ன என்று பாருங்கள். போர்டின் உயிர் நில செஸ். செஸ் என்பது தீர்வையின் மேல் ஏறும் வரி. தனித்தனி ரயத்தின் பேரில் தீர்வை இல்லாத மலையில் போர்டோடு நேர்க்கணக்கு வைத்துக்கொண்ட குடியானவன் எவனுமில்லை. கீழே ஒரு ரயத்து, "நான் செஸ் கட்டுகிறேன், என் ஊர்ப் பாலம் உடைந்து கிடக்கிறது" என்று கடலூருக்கு மனுப் போடலாம். மனு குப்பைக்கூடைக்குப் போனாலும் மனு போட ஒரு பாத்தியதை உண்டு. மலையில் இருப்பவருக்கு அந்தப் பாத்தியதையே இல்லை. மலைமேல் வண்டிச்சாலை என்ற ஒன்று அந்தக் காலத்தில் கிடையாது. ஒற்றையடித் தடமும் பொதிமாட்டுத் தடமும்தான். தூரத்தில் இருந்த நமக்குக் கடலூர் ஓர் ஆட்சி. கண்ணுக்கு எதிரே மலையில் இருந்தவர்களுக்கு அது கேள்விப்பட்ட ஊர்.

வரி என்றால் நமக்கு எரிச்சல். ஆனால் நவீன காலத்து அரசாங்கம் ஒருவனை மனிதனாக எண்ணத் தொடங்கும் முதல் இடம் வரிப் பதிவேடுதான். அது நல்லதா என்று கேட்காதீர்கள். நடந்தது அது. வாக்காளர் பட்டியலும் அதிலிருந்தே வந்தது. சொத்தும் வரியும் உள்ளவனுக்குத்தான் போர்டுத் தேர்தலில் ஓட்டு. ஆக, செஸ் இல்லையென்றால் சாலை இல்லை, ஓட்டும் இல்லை.

1920-ல் புதிய லோக்கல் போர்டுச் சட்டம் வந்து, தேர்ந்தெடுத்தவர்களுக்குப் பெரும்பான்மை கிடைத்தது. அரசியலும் உள்ளே வந்தது. தென்னாற்காடு ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த அ. சுப்பராயலு ரெட்டியார், 1920 டிசம்பர் 17-ல் சென்னை மாகாணத்தின் முதல் முதல்மந்திரி ஆனார். நீதிக்கட்சி ஆட்சி. உடம்பு ஒத்துழைக்காமல் 1921 ஜூலையில் விலகினார். அந்த ஆண்டே இறந்தும்போனார். அவருக்கு அடுத்து வந்த பனகல் ராஜா பெயர் நினைவிருக்கிற அளவுக்கு இவர் பெயர் நம்மவர்களுக்கே நினைவில்லை. ஜில்லா போர்டு என்பது சாலை செப்பனிடும் இலாகா மட்டுமில்லை. மாகாண அரசியலுக்கு ஏறும் படி அதுதான். காங்கிரஸ்காரர் ஆகட்டும், நீதிக்கட்சிக்காரர் ஆகட்டும், அந்தப் படியில் கால் வைக்காதவர் குறைவு.

1930-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். நியமனம் போனது. 1934-ல் தாலுகா போர்டுகளை ஒழித்தார்கள். சிக்கனம், திறமை என்று காரணம் சொன்னார்கள். கள்ளக்குறிச்சி மாதிரி ஓரத்துத் தாலுகாக்களுக்கு அது நல்லதாக இல்லை என்பது என் அபிப்பிராயம். பக்கத்தில் இருந்த மன்றம் போய், எல்லாம் ஒரேயடியாகக் கடற்கரைக்கு நகர்ந்தது. ஒரு சின்னப் பாலத்துக்கு வெள்ளையடிக்கவும் மஞ்சக்குப்பம் போக வேண்டும் என்றால் யார் போவார்கள்?

கடைசியாகப் போர்டு ஒரு முறை அதிர்ந்தது 1949-ல். தென்னாற்காட்டில் ஜனத்தொகையில் பெருங்கூட்டமாக இருந்தும் வன்னியர்களுக்கு மன்றங்களில் இடம் குறைவு. சங்கம் கட்டிக்கொண்டு ஜில்லா போர்டுத் தேர்தலில் இறங்கினார்கள். மொத்தம் 52 இடங்களில் 22-ஐப் பிடித்தார்கள். விடுதலை வாங்கித் தந்த கட்சி என்ற பெருமையில் இருந்த காங்கிரஸுக்கு அது சரியான அடி. அந்த வெற்றியின் சூட்டில்தான் எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி எழுந்தது. 1952 பொதுத்தேர்தலில் 19 சட்டமன்ற இடங்களை வென்றது. படையாட்சியார் கடலூர் நகரசபைத் தலைவராக இருந்தவர். 1954-ல் காமராஜர் மந்திரிசபையில் சேர்ந்தபோது அவருக்குக் கொடுத்த இலாகா எது தெரியுமா? ஸ்தல ஸ்தாபனம். ஜில்லா போர்டில் ஜெயித்து எழுந்த அலை, ஜில்லா போர்டுகளை மேற்பார்க்கும் நாற்காலியில் போய் உட்கார்ந்தது.

ஆனால் அந்தப் பத்தாண்டிலேயே போர்டுகளுக்கு ஆயுள் முடிந்தது. ஊராட்சி முறையை ஆராய்ந்த பல்வந்த்ராய் மேத்தா குழுவின் அறிக்கை 1957-ல் வந்தது. 1958-ல் சென்னை அரசு பஞ்சாயத்துச் சட்டம் செய்தது. 1960, 1961 ஆண்டுகளில் மாநிலம் முழுக்க 374 ஊராட்சி ஒன்றியங்கள் படிப்படியாக வந்தன. ஜில்லா போர்டுகள் ஒழிந்தன. அவற்றின் இடத்தில் வைத்த மாவட்ட வளர்ச்சி மன்றத்துக்கு யோசனை சொல்லத்தான் உரிமை. கையில் காசு கிடையாது. சாலைகள் நெடுஞ்சாலைத் துறைக்கும் ஒன்றியங்களுக்கும் போயின. பள்ளிகள் பிற்பாடு அரசுக்குப் போயின. மாவட்ட அளவில் தேர்ந்தெடுத்த மன்றம் என்ற ஒன்று இல்லாமல் முப்பத்தைந்து ஆண்டு கழிந்தது. அந்த இடத்தைக் கலெக்டர் நிரப்பினார். 1871-ல் எங்கே தொடங்கினோமோ அங்கே திரும்பி வந்தோம் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். நான் அப்படித்தான் சொல்வேன்.

மலைக்கு என்ன ஆயிற்று? 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம். கீழே ஜமீன்கள் போயின. மலையில் ஜாகீர் நின்றது. போர்டு பிறந்ததும் தெரியாது, செத்ததும் தெரியாது என்ற நிலையில் மலைமக்கள் இருந்தார்கள். 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில்தான் ஜாகீர் முடிவுக்கு வந்து அரசு நிர்வாகம் மலை ஏறியது. விடுதலைக்குப் பிறகு ஏறத்தாழ முப்பது ஆண்டு! அரசு ஏறியபோது காட்டிலாகாவும் சேர்ந்து ஏறியது. நேற்றுவரை ஜாகீர் நிலம் என்று உழுத கொல்லை, இன்று காப்புக்காடு. பட்டா கேட்டு அலையும் கதை இன்னும் முடியவில்லை.

1994-ம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஊராட்சி திரும்ப வந்தது, 1996-ல் தேர்தல். 2019-ல் நம் மாவட்டம், மாநிலத்தின் 34-வது மாவட்டமாகப் பிறந்தது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு கல்வராயன் மலை தனி வட்டமானது. 2021 அக்டோபரில் இந்த மாவட்டத்தின் முதல் ஊரகத் தேர்தல். ஒன்பது ஒன்றியங்கள், அதில் கல்வராயன் மலையும் ஒன்று. காகிதத்தில் மலையும் சமவெளியும் ஒரே மன்றத்தின் கீழ் வந்தது ஜாகீர் போன பிறகுதான் என்பதை நினைத்துப் பாருங்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பேச்சு உடனே மலைப்பக்கம் திரும்பியது. அடுத்த மாதம் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து, கல்வராயன் மலையில் சாலை, பள்ளி, வைத்தியம், ரேஷன் இவையெல்லாம் எந்த நிலையில் இருக்கின்றன என்று அரசைக் கேட்டது. 1884-ல் ஒரு ஜில்லா போர்டு கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் அவை. ரேஷன் ஒன்றைத் தவிர அதே பட்டியல்.

மாவட்டம் கிடைத்துவிட்டது, கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வந்துவிட்டது, இனி என்ன என்று சிலர் கேட்கிறார்கள். மஞ்சக்குப்பத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் உள்ள தூரத்தை ஒழித்துவிட்டோம். கள்ளக்குறிச்சிக்கும் வெள்ளிமலைக்கும் உள்ள தூரம்? மலைக்காரர் ஒருவர் வருவாய்ச் சான்றிதழுக்குக் கீழே வந்து, "சார் லீவு, நாளைக்கு வாங்க" என்ற பதிலோடு கடைசி பஸ் ஏறினால், அவருக்கு நாம்தான் இன்றைய கடலூர்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. லோக்கல் ஃபண்டு, லோக்கல் போர்டு சம்பந்தமான அரசாணைகளும் ஆண்டறிக்கைகளும் அங்கே கட்டுக்கட்டாக இருக்கின்றன. கல்லூரியில் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். கேட்க வேண்டியது இரண்டே இரண்டு: கள்ளக்குறிச்சித் தாலுகாவிலிருந்து வருஷத்துக்கு எவ்வளவு செஸ் போனது, அதில் எவ்வளவு சாலையாகவும் பள்ளியாகவும் திரும்பியது. பத்தாண்டு இடைவெளியில் நாலைந்து வருஷத்துக்கு எடுத்தால் போதும். எடுத்துக்கொண்டு வந்து இதே மேடையில் வாசியுங்கள். நான் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன்.